கம்போஸ் கோப்பை அனுப்பினால் புராஜெக்டை அனுப்பியதாகுமா?

2025 ஜூன் 9, காலை (வாசகர் கேள்வி)

எங்கள் குழுவில் நான்கு பேர் இருக்கிறோம். புராஜெக்டில் பைத்தானில் எழுதிய ஒரு ஜாங்கோ வலைச் செயலி, ஒரு போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம், தரவை நினைவகத்தில் வைத்திருக்கும் ஒரு ரெடிஸ், பின்னணி வேலைகளுக்கு ஒரு செலரி வொர்க்கர் ஆகியவை உள்ளன. நான்கையும் தனித்தனி டாக்கர் கன்டெய்னர்களாக, அதாவது நிரலும் அதற்குத் தேவையானவையும் அடங்கிய தனிப் பெட்டிகளாக, ஒன்றாகத் தொடங்குவதற்கு ஒரே கம்போஸ் கோப்பில் எழுதியிருக்கிறேன். என் லேப்டாப்பில் ‘டாக்கர் கம்போஸ் அப்’ என்று தட்டினால் எல்லாம் எழுந்து நிற்கின்றன. அதே கோப்பை, நிரலைப் பகிர்வதற்கான கிட் களஞ்சியத்தில் ஏற்றி, புதிதாகச் சேர்ந்தவரிடம் கொடுத்தேன். அவருடைய கணினியில் ஜாங்கோ, தரவுத்தளத்தோடு இணைய முடியவில்லை என்று சொல்லி நின்றுவிடுகிறது. அதே கட்டளையை இரண்டாவது முறை கொடுத்தால் ஓடுகிறது. ஒரே கட்டளையில் எந்தக் கணினியிலும் ஓடும் என்று நீங்கள் முன்பு எழுதியிருந்தீர்கள். அது உண்மைதானா?

2025 ஜூன் 9, இரவு

இரண்டாவது முறை ஓடுகிறது என்று நீங்கள் எழுதிய இடத்திலேயே விடை இருக்கிறது. உங்கள் லேப்டாப்பில் போஸ்ட்கிரெஸுக்கான வால்யூம் (கன்டெய்னர் போனாலும் தரவு தங்கும் இடம்) பல மாதங்களுக்கு முன்பே உருவாகி, அதற்குள் தரவு அடைவும் பயனர் கணக்கும் அட்டவணைகளும் தயாராக இருக்கின்றன. ஆகவே தரவுத்தளம் ஓரிரு நொடிகளில் இணைப்புகளை ஏற்கத் தொடங்கிவிடுகிறது. புதியவரின் கணினியில் அந்த வால்யூம் காலியாக இருந்திருக்கும். காலி வால்யூமைக் கண்டால் போஸ்ட்கிரெஸ் இமேஜ் (கன்டெய்னரை உருவாக்க உதவும் அச்சு) முதலில் தரவு அடைவை அமைத்து, பயனரையும் தரவுத்தளத்தையும் உருவாக்கி, நீங்கள் தொடக்கக் கோப்புகள் ஏதாவது வைத்திருந்தால் அவற்றையும் ஓட்டி முடித்த பிறகுதான் வெளியிலிருந்து வரும் இணைப்புகளை ஏற்கும். அதற்குள் ஜாங்கோ வந்து பார்த்து, பதில் கிடைக்காமல் நின்றுவிட்டது.

உங்கள் கோப்பில் ‘டிபென்ட்ஸ் ஆன்’ என்ற வரி இருக்கும் என்று நினைக்கிறேன். அதன் குறுகிய வடிவம், தரவுத்தளத்தின் கன்டெய்னரை முதலில் தொடங்கிவிட்டுப் பிறகு ஜாங்கோவைத் தொடங்கு என்று மட்டுமே சொல்கிறது. உள்ளே இருக்கும் நிரல் வேலைக்குத் தயாரா என்பதை அது பார்ப்பதில்லை. அதைப் பார்க்க வேண்டுமானால் நீண்ட வடிவத்தில், ‘கண்டிஷன்’ என்ற இடத்தில் ‘சர்வீஸ் ஹெல்தி’ என்று எழுதி, தரவுத்தளத்தின் பகுதியில் ‘ஹெல்த்செக்’ என்ற தயார்நிலைச் சோதனை ஒன்றையும் சேர்க்க வேண்டும். போஸ்ட்கிரெஸோடு கூடவே வரும் ‘பிஜி இஸ்ரெடி’ என்ற சிறு நிரலை 5 நொடிக்கு ஒருமுறை ஓட்டச் சொன்னால் போதும். அட்டவணைகளை உருவாக்கும் மைக்ரேஷனைத் தனி சர்வீஸாக, அதாவது கம்போஸ் கோப்பில் தனிப் பகுதியாக, பிரித்து, அது வெற்றிகரமாக முடிந்த பின்பே செயலி தொடங்க வேண்டும் என்றும் எழுதலாம். அதற்கு ‘சர்வீஸ் கம்ப்ளீட்டட் சக்சஸ்ஃபுலி’ என்ற நிபந்தனை இருக்கிறது.

ஒரே கட்டளை என்று நான் எழுதியது, எல்லாம் ஏற்கெனவே ஒருமுறை ஓடிய என் கணினியைப் பார்த்து எழுதியது. அதைப் பற்றி இன்னும் யோசிக்க வேண்டியிருக்கிறது.

2025 ஜூன் 10

யோசித்ததை எழுதுகிறேன். இந்தக் கருவி எதற்காகப் பிறந்தது என்பதிலிருந்து தொடங்கினால் நாம் எதை எதிர்பார்க்கலாம் என்பது தெளிவாகும். 2013-இல் டாக்கர் வெளிவந்தபோது ஒவ்வொரு கன்டெய்னரையும் தனித்தனியாக, நீளமான கட்டளைகளால் தொடங்க வேண்டியிருந்தது. லண்டனில் ஆர்ச்சர்ட் என்ற சிறு நிறுவனம் நடத்திய பென் ஃபிர்ஷ்மனும் ஆனந்த் பிரசாத்தும் ‘ஃபிக்’ என்ற கருவியை எழுதினார்கள். யாம்ல் என்ற எளிய எழுத்து வடிவில் அமைந்த ஒரு கோப்பில் எல்லா கன்டெய்னர்களையும் விவரித்துவிட்டு ‘ஃபிக் அப்’ என்றால் போதும் என்ற நிலை அதனால் வந்தது. 2014 ஜூலையில் டாக்கர் நிறுவனம் ஆர்ச்சர்டை வாங்கியது. ஃபிக் பிறகு கம்போஸ் என்று பெயர் மாறியது. நிரல் எழுதுபவர் தன் மேசையில் வேலையைத் தொடங்குவதற்கான கருவியாகத்தான் அது உருவானது.

கல்யாணச் சமையலுக்கு வரும் சமையல்காரர் எழுதிக்கொடுக்கும் மளிகைப் பட்டியலைப் போன்றது கம்போஸ் கோப்பு. அரிசி எத்தனை மூட்டை, பருப்பு எத்தனை கிலோ என்று எல்லாம் அதில் இருக்கும். மண்டபத்தில் அடுப்பும் தண்ணீரும் இருக்கின்றன என்பதை அவர் எழுதமாட்டார், ஏனென்றால் அவர் இதுவரை சமைத்த மண்டபங்களில் அவை இருந்தன. எந்தெந்த சர்வீஸ்கள், எந்த இமேஜ், எந்த நெட்வொர்க், எந்த வால்யூம் என்பவை கோப்பில் உள்ளன. வால்யூமுக்குள் இருக்கும் தரவு, உங்கள் டெர்மினலில் ஏற்கெனவே அமைந்திருக்கும் மாறிகள், கிட்டில் ஏற்றாத கடவுச்சொல் கோப்பு, உங்கள் புராசசரின் வகை, ஏற்கெனவே இறக்கி வைத்திருக்கும் இமேஜ்கள் ஆகியவை கோப்பில் இல்லை. இந்த ஐந்தில் ஒவ்வொன்றும் என்னை ஒருமுறை வருத்தியிருக்கிறது. நேரம் கிடைக்கும்போது ஒவ்வொன்றாக எழுதுகிறேன்.

2025 ஜூன் 12

9ஆம் தேதி எழுதியதில் ஒரு பிழை இருக்கிறது. கேள்வி கேட்டவர் ‘ஹெல்த்செக்’ சேர்த்த பிறகும் பத்தில் ஓரிரு முறை அதே தோல்வி வருகிறது என்று எழுதியிருக்கிறார். அது என் குறிப்பின் குறை.

போஸ்ட்கிரெஸ் இமேஜ் முதல்முறை தொடங்கும்போது, பயனரையும் தரவுத்தளத்தையும் உருவாக்குவதற்காகத் தற்காலிகமாக ஒரு சர்வரை உள்ளுக்குள்ளேயே ஓட்டுகிறது. வேலை முடிந்ததும் அதை நிறுத்திவிட்டு, உண்மையான சர்வரைத் தொடங்குகிறது. அந்தத் தற்காலிக சர்வர், கன்டெய்னருக்குள் இருக்கும் நிரல்கள் பேசிக்கொள்ளும் யுனிக்ஸ் சாக்கெட்டில் மட்டுமே கேட்கும், நெட்வொர்க்கில் கேட்காது. ‘பிஜி இஸ்ரெடி’யை முகவரி ஏதும் தராமல் ஓட்டினால் அது அதே சாக்கெட்டின் வழியாகத்தான் விசாரிக்கிறது, தற்காலிக சர்வர் ‘தயார்’ என்று பதில் சொல்லிவிடுகிறது. கம்போஸ் அதை நம்பி ஜாங்கோவைத் தொடங்க, அந்த நொடியில் தற்காலிக சர்வர் நின்றுபோகிறது.

தீர்வு மிகச் சிறியது. சோதனைக் கட்டளையில், தன்னையே குறிக்கும் 127.0.0.1 என்ற முகவரியைச் சேர்த்தால், விசாரணை நெட்வொர்க்கின் வழியாகப் போகும். உண்மையான சர்வர் எழும் வரை அது தோல்வியாகவே இருக்கும். என் சொந்தக் கோப்புகளில் இதை எப்போதோ சேர்த்துவிட்டு, ஏன் சேர்த்தேன் என்பதைக் குறித்து வைக்காமல் விட்டிருந்தேன். அதனால்தான் உங்களுக்கு எழுதும்போது விடுபட்டது. இனி காரணத்தையும் கோப்பிலேயே ஒரு வரியாக எழுதிவைக்கப் போகிறேன்.

ஜாங்கோவும் தன் பங்குக்குச் சில முறை மறுபடி முயல வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். தரவுத்தளம் நடுவில் ஒருமுறை மறுதொடக்கம் ஆனால் கம்போஸின் தொடக்க வரிசை உதவிக்கு வராது.

2025 ஜூன் 13

‘டாக்கர்-கம்போஸ்’ என்று நடுவில் சிறு கோடு போட்டு எழுதினால் கட்டளை இல்லை என்கிறதே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கோடு போட்டது பைத்தானில் எழுதப்பட்ட முதல் பதிப்பு; 2023 ஜூலையோடு அதற்கான ஆதரவு முடிந்துவிட்டது. இப்போதைய பதிப்பு கோ மொழியில் எழுதப்பட்டு, டாக்கர் கட்டளையின் துணைக்கட்டளையாக இருக்கிறது. கோப்பின் முதல் வரியில் ‘வெர்ஷன்’ என்று 3.8 போன்ற எண்ணை எழுதும் பழக்கத்தையும் விட்டுவிடலாம். இன்றைய கருவி அதைப் பொருட்படுத்துவதில்லை, எச்சரிக்கை மட்டும் தரும்.

மாறும்போது ஓர் இடத்தில் கவனம் தேவை. பழைய பதிப்பு கன்டெய்னர் பெயர்களில் அடிக்கோடு போட்டது, புதியது சிறு கோடு போடுகிறது. தரவுத்தளத்தை இரவில் நகலெடுக்கும் என் ஸ்கிரிப்ட், கன்டெய்னரின் பெயரை நேரடியாகச் சொல்லி வேலை செய்தது. மாறிய மறுநாளிலிருந்து பதினொரு இரவுகள் நகல் எடுக்கப்படவில்லை என்பதைப் பன்னிரண்டாம் நாள்தான் கண்டேன். ‘டாக்கர் கம்போஸ் எக்ஸெக்’ என்று சர்வீஸின் பெயரைச் சொல்லி எழுதியிருந்தால் இது நடந்திருக்காது.

2025 ஜூன் 17

கடவுச்சொற்களைப் பற்றியும் வால்யூம்களைப் பற்றியும் தனித்தனியாக எழுத நினைத்தேன். ஆனால் அனுபவத்தில் இரண்டும் பிணைந்தே வந்தன.

மாறிகளின் மதிப்புகளை எழுதிவைக்கும், புள்ளியில் தொடங்கும் ‘என்வ்’ கோப்பு ஒன்றைப் புராஜெக்ட் அடைவில் வைத்தால், கம்போஸ் அதைப் படித்து யாம்ல் கோப்பில் டாலர் குறியோடு எழுதிய இடங்களை நிரப்புகிறது. அந்த மதிப்புகள் தாமாகவே கன்டெய்னருக்குள் போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். நானும் ஓராண்டு அப்படித்தான் நினைத்திருந்தேன். கன்டெய்னருக்குள் போக வேண்டுமானால் ‘என்விரான்மென்ட்’ பகுதியிலோ ‘என்வ் ஃபைல்’ என்ற வரியிலோ தனியாகச் சொல்ல வேண்டும். இன்னொன்று: டெர்மினலில் அதே பெயரில் ஒரு மாறி ஏற்கெனவே இருந்தால், கோப்பில் இருப்பதைவிட அதற்கே முன்னுரிமை. வேறொரு புராஜெக்டுக்காக நான் காலையில் அமைத்த மாறி ஒன்று, மாலையில் இன்னொரு புராஜெக்டின் கடவுச்சொல்லாக நுழைந்திருந்தது. ‘டாக்கர் கம்போஸ் கன்ஃபிக்’ என்ற கட்டளை எல்லா மதிப்புகளையும் நிரப்பிய பிறகு கோப்பு எப்படி இருக்கிறது என்று காட்டும். சந்தேகம் வந்தால் முதலில் அதை ஓட்டுங்கள். அந்த வெளியீட்டில் கடவுச்சொற்களும் அப்படியே தெரியும். அதை எங்கும் ஒட்டி உதவி கேட்காதீர்கள்.

இப்போது பிணைப்புக்கு வருகிறேன். ஒரு நாள் கடவுச்சொல்லை மாற்ற விரும்பி, ‘என்வ்’ கோப்பில் மாற்றிவிட்டு மறுபடி தொடங்கினேன். செயலி புதிய கடவுச்சொல்லோடு போனது, தரவுத்தளம் மறுத்தது. போஸ்ட்கிரெஸ் இமேஜ் அந்தக் கடவுச்சொல்லைக் காலி வால்யூமில் முதல்முறை அமைக்கும்போது மட்டுமே எடுத்துக்கொள்கிறது. அதன் பிறகு மாற்றுவது தரவுத்தளத்துக்குள் போய்ச் செய்ய வேண்டிய வேலை. எனக்கு அது அப்போது தெரியாது. கன்டெய்னருக்குள் நுழைந்து இணைந்து பார்த்தால், உள்ளிருந்து வரும் இணைப்புக்கு அந்த இமேஜ் கடவுச்சொல் கேட்பதே இல்லை என்பதால், எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தெரிந்தது. ஒரு மணி நேரக் குழப்பத்துக்குப் பிறகு, எங்கோ படித்தபடி ‘டாக்கர் கம்போஸ் டவுன்’ கட்டளையை ‘-வி’ சேர்த்து ஓட்டினேன். பிரச்சினை தீர்ந்தது. மூன்று வாரங்களாக ஒரு சக ஊழியர் கையால் உள்ளிட்ட சோதனைத் தரவும் போயிற்று.

‘-வி’ என்பது விரிவான செய்திகளைக் காட்டு என்பதற்கான குறி என்று நான் எண்ணியிருந்தேன், ஏனென்றால் பல கருவிகளில் அதற்கு அந்தப் பொருள்தான். இங்கே அது கோப்பில் பெயரிட்ட வால்யூம்களையும் சேர்த்து அழி என்று பொருள்படுகிறது. உறுதியா என்று கேட்பதும் இல்லை. இழக்கக் கூடாத தரவு இருக்கும் வால்யூமை முன்கூட்டியே தனியாக உருவாக்கி, கோப்பில் ‘எக்ஸ்டர்னல்’ என்று குறித்துவிட்டால் இந்தக் கட்டளை அதைத் தொடாது. நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன். அந்தச் சக ஊழியர் என்னிடம் கோபப்படவே இல்லை. மறுநாள் காலை முதல் பதிவிலிருந்து மறுபடி உள்ளிடத் தொடங்கினார். அதை இன்றும் மறக்க முடியவில்லை.

2025 ஜூன் 18

இதோடு சேர்ந்த ஒன்று விடுபட்டது. கம்போஸ், புராஜெக்டின் பெயரை அடைவின் பெயரிலிருந்து எடுக்கிறது. இரண்டு வேறு இடங்களில் ‘ஆப்’ என்ற பெயரிலேயே அடைவுகள் இருந்தால், இரண்டும் அதற்கு ஒரே புராஜெக்ட். ஒன்றின் வால்யூம் மற்றொன்றுக்குக் கிடைத்துவிடும். கோப்பின் மேலே ‘நேம்’ என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்.

2025 ஜூன் 24

சர்வரில் கம்போஸ் பயன்படுத்தலாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஒரே சர்வரில் ஓடும் சிறிய செயலிக்குத் தாராளமாகப் பயன்படுத்தலாம், நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் லேப்டாப்பில் இருந்த கோப்பை அப்படியே கொண்டுபோகாதீர்கள்.

கன்டெய்னரின் வாசல்களை வெளியே திறக்கும் ‘போர்ட்ஸ்’ பகுதியில், போஸ்ட்கிரெஸின் எண்ணைக் கொண்டு 5432:5432 என்று எழுதினால், கணினியின் எல்லா முகவரிகளிலும் அந்தப் போர்ட் திறக்கிறது. லேப்டாப்பில் வீட்டு ரௌட்டருக்குப் பின்னால் இருக்கும்போது இது உறுத்தாது. வாடகைக்கு எடுத்த சர்வரில் அது முழு இணையத்துக்கும் திறந்த கதவு. உபுண்டுவின் யுஎஃப்டபிள்யூ என்ற நெட்வொர்க் தடுப்பை இயக்கி, உள்நுழைவுக்கும் வலைப்பக்கங்களுக்கும் தேவையான 22, 80, 443 போர்ட்கள் தவிர எல்லாவற்றையும் மூடியிருந்தேன். ஆகவே பாதுகாப்பாக இருக்கிறது என்று நம்பினேன். டாக்கர், கன்டெய்னருக்குப் போகும் பாக்கெட்டுகளின் முகவரியை லினக்ஸ் கர்னலின் ஐபி டேபிள்ஸ் விதிகளால் முதலிலேயே மாற்றி வேறு பாதையில் அனுப்பிவிடுகிறது. யுஎஃப்டபிள்யூ காவல் நிற்கும் இடத்துக்கு அவை வருவதே இல்லை. பலவீனமான கடவுச்சொல்லோடு இருந்த என் மாதிரித் தரவுத்தளத்தில் நான்காம் நாள் எல்லா அட்டவணைகளும் மறைந்து, பணம் கேட்கும் ஒரே ஒரு அட்டவணை மட்டும் இருந்தது. அதில் உண்மையான மனிதர்களின் விவரம் எதுவும் இல்லை என்பதுதான் ஆறுதல்.

செயலி தரவுத்தளத்தோடு பேசுவதற்குப் போர்ட்டை வெளியே திறக்க வேண்டிய தேவையே இல்லை. ஒரே கம்போஸ் நெட்வொர்க்கில் இருக்கும் சர்வீஸ்கள் ஒன்றையொன்று பெயர் சொல்லி அழைக்கலாம். உங்கள் கணினியிலிருந்து தரவுத்தளத்தைப் பார்க்க வேண்டுமானால் 127.0.0.1:5432:5432 என்று எழுதுங்கள். மேற்கோள் குறிகளுக்குள் எழுதுவதும் அவசியம். யாம்லின் பழைய விதிப்படி, 22:22 போன்ற சிறிய எண் சோடிகள் அறுபதின் அடிப்படையில் அமைந்த ஒற்றை எண்ணாகப் படிக்கப்படலாம்.

2025 ஜூலை 2

ஐந்தில் இரண்டு மிச்சம்: இறக்கி வைத்த இமேஜ்களும் புராசசரும்.

இமேஜின் பெயரோடு பதிப்பு எழுதாவிட்டால் ‘லேட்டஸ்ட்’ என்று எடுத்துக்கொள்ளப்படும். அந்தச் சொல் ஒரு பெயர் மட்டுமே; உங்கள் கணினியில் அந்தப் பெயரில் ஓர் இமேஜ் இருந்தால் கம்போஸ் புதியது வந்திருக்கிறதா என்று தானாகப் போய்ப் பார்ப்பதில்லை. 2020 இறுதியில் என்னிடம் போஸ்ட்கிரெஸ் 12 இருந்தது. அப்போது சேர்ந்தவருக்கு 13 இறங்கியது. இருவரும் ஒரே கோப்பை வைத்துக்கொண்டு இரு வேறு தரவுத்தளங்களில் வேலை செய்தோம், பல வாரங்கள், தெரியாமலே. பிறகு நான் ஒருநாள் புதிய இமேஜை இறக்கும் ‘புல்’ கட்டளை கொடுத்தேன். 12 எழுதிய தரவு அடைவை 13 படிக்காது. தரவுத்தளம் எழ மறுத்தது. இமேஜ் பெயரில் முதன்மைப் பதிப்பையாவது எழுதுங்கள். ஒரு பைட்கூட மாறக் கூடாது என்றால் இமேஜின் கைரேகை போன்ற ஷா 256 டைஜெஸ்டை எழுதலாம். அதைப் படிப்பது கடினம் என்பதால் வெளியீட்டுக்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

புராசசர் பிரச்சினை அதே 2020 நவம்பரில் ஆப்பிளின் எம்1 கணினிகள் வந்த பிறகு பரவலானது. அவற்றில் கட்டிய இமேஜ் ஆர்ம் 64 வகை. நம் சர்வர்களில் பெரும்பாலானவை இன்டெல், ஏஎம்டி புராசசர்களுக்கான ஏஎம்டி 64 வகை. முதல் வகையில் கட்டியதை அந்த சர்வர்களில் ஓட்டினால் நிரலின் வடிவம் தவறு என்ற ஒற்றை வரிப் பிழை மட்டும் வரும். எதிர்த்திசையிலும் சிக்கல் உண்டு: மைஎஸ்க்யூஎல் 5.7-இன் அதிகாரப்பூர்வ இமேஜ் ஆர்ம் வகையில் இல்லை. கோப்பில் ‘பிளாட்ஃபார்ம்’ என்று எழுதி ஒரு புராசசர் மற்றொன்றைப் போல நடிக்கும் போலியாக்க முறையில் ஓட்டலாம், வேகம் குறையும். குழுவில் இரு வகைக் கணினிகளும் இருந்தால் டாக்கரின் ‘பில்டெக்ஸ்’ கருவி கொண்டு இரு வகைக்கும் கட்டி, இமேஜ்களைச் சேமித்துத் தரும் பதிவகத்தில் ஏற்றிவிடுவதே நல்லது.

2025 ஜூலை 15

இணையமே சரியாக இல்லாத இடத்துக்கு எப்படிக் கொண்டுபோவது என்ற கேள்வி எனக்கு நெருக்கமானது.

ஒரு கல்லூரி ஆய்வகத்தில் இரண்டு நாள் பயிற்சி நடத்தப் போனேன். 40 கணினிகள், ஒவ்வொன்றிலும் நான்கு இமேஜ்கள். உள்நுழையாமல் இறக்குபவர்களுக்கு, டாக்கரின் பொதுப் பதிவகமான டாக்கர் ஹப் 2020 நவம்பர் முதல் வைத்திருக்கும் வரம்பு, ஒரு ஐபி முகவரிக்கு 6 மணி நேரத்தில் 100. ஆய்வகம் முழுவதும் ஒரே முகவரியின் வழியாகத்தான் வெளியே போகிறது, 160 தேவை. முதல் மணி நேரத்திலேயே பாதிக்கு மேற்பட்ட மாணவர்களின் திரைகளில் வரம்பு மீறியதாகச் செய்தி வந்தது. அதை முன்பே கணக்கிட்டிருக்க வேண்டியவன் நான்தான்.

அன்று மாலை என் லேப்டாப்பில் ‘டாக்கர் சேவ்’ கட்டளையால் நான்கு இமேஜ்களையும் ஒரே டார் கோப்பாக்கி, பென்டிரைவில் போட்டு, மறுநாள் ஒவ்வொரு கணினியிலும் ‘டாக்கர் லோட்’ செய்தோம். ‘டாக்கர் கம்போஸ் கன்ஃபிக்’ கட்டளையோடு ‘இமேஜஸ்’ என்ற தேர்வைச் சேர்த்தால் கோப்பில் இருக்கும் எல்லா இமேஜ் பெயர்களையும் வரிசையாகக் கொடுக்கும். அந்தப் பட்டியலை அப்படியே ‘சேவ்’ கட்டளைக்குத் தரலாம். ‘சேவ்’ என்பதற்குப் பதிலாக ‘எக்ஸ்போர்ட்’ பயன்படுத்திவிடாதீர்கள். அது ஒரு கன்டெய்னரின் கோப்பு முறைமையை மட்டும் தட்டையாக வெளியே எடுக்கும். எந்தக் கட்டளையைத் தொடங்குவது, எந்தப் போர்ட் என்பன போன்ற விவரங்கள் அதில் வராது.

கடைசி வரிசையில் இருந்த ஒரு மாணவி, முதல் கணினியில் ஒரு பதிவகத்தையே கன்டெய்னராக ஓட்டி மற்றவர்கள் அங்கிருந்து இறக்கிக்கொள்ளலாமே என்று கேட்டார். பென்டிரைவோடு 40 இருக்கைகளைச் சுற்றிவந்த பிறகு அந்தக் கேள்வி வந்தது. இப்போது நான் செய்வது அதுதான்.

2025 ஆகஸ்ட் 4

கோப்பையே இமேஜைப் போலப் பதிவகத்தில் ஏற்ற முடியும் என்பதைச் சொல்லவில்லை. கம்போஸ் 2.34 முதல் ‘டாக்கர் கம்போஸ் பப்ளிஷ்’ என்ற கட்டளை இருக்கிறது. அது கம்போஸ் கோப்பை, இமேஜ்களுக்கான பொது வடிவமான ஓசிஐ வடிவில் பதிவகத்துக்கு அனுப்புகிறது; பெறுபவர் கிட் களஞ்சியத்தைப் படியெடுக்காமல், பதிவக முகவரியைக் கோப்பின் இடத்தில் கொடுத்து ‘அப்’ என்று சொல்லலாம். புராஜெக்டைப் பகிர்வது என்ற சொல்லுக்கு இதுதான் மிக நெருங்கி வந்த வடிவம் என்று முதல் நாள் உற்சாகமாக இருந்தேன்.

ஒரு வாரம் பயன்படுத்திய பிறகு அதன் எல்லை தெரிகிறது. லேப்டாப்பின் அடைவைக் கன்டெய்னருக்குள் இணைக்கும் வரிகள் இருந்தால் அந்தப் புராஜெக்ட் இதற்குப் பொருந்தாது, ஏனென்றால் பெறுபவரிடம் அந்த அடைவே இருக்காது. இமேஜ் பெயர் இல்லாமல் ‘பில்ட்’ பகுதி மட்டும் உள்ள சர்வீஸும் அப்படியே. நிரல் எழுதும்போது தேவைப்படுபவை இந்த இரண்டும்தான். ஓட்டிப் பார்க்க மட்டும் விரும்புபவருக்கு இரண்டும் தேவையில்லை. ஆகவே இப்போது இரண்டு கோப்புகள் வைத்திருக்கிறேன். முதன்மைக் கோப்பில் இமேஜ்களும் வால்யூம்களும் மட்டும். ‘ஓவர்ரைடு’ கோப்பில் என் அடைவு இணைப்புகளும் ‘பில்ட்’ பகுதியும். ஒரே அடைவில் இருந்தால் கம்போஸ் இரண்டையும் தானாகவே சேர்த்துப் படிக்கும். பதிவகத்துக்கு முதன்மைக் கோப்பை மட்டும் பெயர் சொல்லி அனுப்புகிறேன்.

2025 ஆகஸ்ட் 6

பகிர்பவரின் பக்கத்திலிருந்தே எழுதிவந்தேன். பெறுபவரின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். யாரோ ஒருவரின் கம்போஸ் கோப்பைப் படிக்காமல் ஓட்டுவது, யாரோ ஒருவரின் நிரலை ரூட், அதாவது கணினியின் முழு நிர்வாகி, அதிகாரத்தோடு ஓட்டுவதற்குச் சமமாக முடியலாம். ‘பிரிவிலேஜ்டு’ என்ற வரி, டாக்கருக்குக் கட்டளையிடும் சாக்கெட்டை உள்ளே இணைக்கும் வரி, வெறும் சாய்கோட்டை, அதாவது முழு வட்டையும், உள்ளே இணைக்கும் வரி ஆகிய மூன்றில் எது இருந்தாலும் அந்த கன்டெய்னர் உங்கள் கணினியை முழுமையாகக் கைக்கொள்ள முடியும். இவற்றுக்கு நியாயமான காரணங்கள் சில சமயம் இருக்கும். காரணம் என்ன என்று கேட்டுவிட்டு ஓட்டுங்கள். டாக்கருக்கு மாற்றான பாட்மன் கருவியை ரூட் இல்லாத முறையில் பயன்படுத்தினால் இந்த ஆபத்து பெருமளவு குறைகிறது, ஏனெனில் கன்டெய்னருக்குள் இருக்கும் ரூட் வெளியே உங்கள் சாதாரணப் பயனராகத்தான் இருக்கும். அந்தப் பயனரின் கோப்புகள் அப்போதும் ஆபத்தில் இருக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

2025 அக்டோபர் 14

ஜூலை 2 குறிப்பைப் படித்து, பதிப்பை எழுதுகிறேன் என்று போஸ்ட்கிரெஸ் 18 என்று எழுதியவர் ஒருவர், கன்டெய்னர் உடனே நின்றுவிடுகிறது என்கிறார். 18 முதல் அந்த இமேஜில் வால்யூமை இணைக்க வேண்டிய இடம் மாறியிருக்கிறது. முன்பு பாதையின் கடைசியில் ‘டேட்டா’ என்ற அடைவு வரை எழுதினோம். இப்போது அதற்கு ஒரு படி மேலே இணைக்க வேண்டும். பழைய தரவு இருந்தால் முதலில் 17-இல் நகலெடுத்து, காலி வால்யூமில் 18-ஐத் தொடங்கி, அதில் ஏற்றுங்கள்.

2025 அக்டோபர் 27

ஜூன் மாதம் கேள்வி கேட்டவர் மறுபடி எழுதியிருக்கிறார். அவர்கள் குழுவில் ஐந்தாவது நபர் சேர்ந்திருக்கிறார். இந்த முறை புதியவருக்குக் கொடுப்பதற்கு முன், தன் லேப்டாப்பிலேயே ‘-பி’ தேர்வால் வேறு புராஜெக்ட் பெயர் கொடுத்து, புதிதாகப் படியெடுத்த அடைவிலிருந்து, காலி வால்யூம்களோடு ஒருமுறை ஓட்டிப் பார்த்திருக்கிறார். எழுந்துவிட்டது. அந்தச் சோதனைப் பெயரில் மட்டும் ‘-வி’ சேர்த்து இறக்கியிருக்கிறார். புதியவரின் கணினியில் ஒரே ஒரு இடத்தில் நின்றதாம்: கடவுச்சொல் கோப்பு அவரிடம் இல்லை, கம்போஸ் அந்த மாறியைக் காலியாக எடுத்துக்கொண்டு ஓர் எச்சரிக்கையோடு தொடர்ந்துவிட்டது, தரவுத்தளம் எழவில்லை, காரணத்தைத் தேடி அரை மணி நேரம் போயிற்று.

இதற்கு வழி இருக்கிறது. யாம்ல் கோப்பில் மாறியின் பெயருக்குப் பின், அடைப்புக்குறி மூடுவதற்குள், ஒரு முக்காற்புள்ளியையும் ஒரு கேள்விக்குறியையும் எழுதி அதைத் தொடர்ந்து ஒரு செய்தியை எழுதினால், அந்த மாறி இல்லாதபோது கம்போஸ் எதையும் தொடங்காமல் அந்தச் செய்தியைக் காட்டி நிற்கும். செய்தி தமிழிலும் இருக்கலாம். நான் என் கோப்பில் எழுதியிருப்பது: “தரவுத்தளக் கடவுச்சொல் இல்லை, மாதிரிக் கோப்பைப் படியெடுத்து நிரப்பவும்.”